ஒன்பதாவது சுற்றில் பேர்பெச்சுவா

பேர்பெச்சுவா லோறன்ஸ் என்ற பெயரால் ஜெர்மனியில் அடிக்கடி ஒரு வேடிக்கை நடக்கும். லோறன்ஸ் என்பது அவளுடைய கணவருக்கு மன்னார்ப் பேசாலைக் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர். ஆனால் ஜெர்மன்காரரிடையே லொறென்ஸ் என்ற குடும்பப்பெயர் தெருவுக்கு இரண்டு இருக்கும். அதனால் அதிகாரிகள் பட்டியலைப் பார்த்து "ஃபிறவ் லொறென்ஸ்!", அதாவது திருமதி லொறென்ஸ், என்று கூப்பிட்டுவிட்டு, பொன்னிறத் தலைமயிரோடு யாராவது வருவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தடி உயரத்தில், நரை கலந்த கூந்தலை இறுக்கி முடிந்த ஒரு கறுத்த பெண் அவர்களுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நான்தான்" என்பாள்.

2003 ஜூன் மாதம், ஹாலே நகரத்தின் விளையாட்டு மண்டபத்திலும் அதுதான் நடந்தது. மேசையில் இருந்தவர் அவளையும் அனுமதி அட்டையையும் இரண்டு தரம் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா கட்மன்?"

"ஆம்."

"கட்மன் என்றால் என்ன வேலை என்று..."

"ஒன்பது வருடமாகச் செய்கிறேன்" என்றாள் பேர்பெச்சுவா.

குத்துச்சண்டையில் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் மூலையில் நின்று, சண்டைக்காரனுடைய முகத்தில் பிளந்ததை அடைத்து, ஒழுகுகிற இரத்தத்தை நிறுத்துகிற ஆளுக்குத்தான் கட்மன் என்று பெயர். அது ஆண்களின் வேலை. நாற்பத்தேழு வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று வுப்பர்டால் தமிழருக்கே நெடுநாள் விளங்கவில்லை. கோயிலடியில் சிசிலி அக்கா ஒருநாள் நேரே கேட்டும்விட்டா: "பேர்பெச்சுவா, ஆம்பிளையள் அடிபடுற இடத்தில உமக்கென்ன அலுவல்?"

அலுவல் வந்த கதை இதுதான். மன்னார் ஆஸ்பத்திரியில் அவள் ஒன்பது வருடம் உதவித் தாதியாக இருந்தவள். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து இறங்கி, இரண்டு வருடம் அகதி முகாமில் கிடந்து, கணவருக்கு வுப்பர்டாலில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்ததும் அங்கே குடிவந்தாள். தாதி வேலைக்கு மூன்று முறை அன்ட்றாக், அதாவது விண்ணப்பம், கொடுத்தாள். சான்றிதழின் மூலப்பிரதி இல்லையென்று மூன்று முறையும் திரும்பி வந்தது. மூலப்பிரதி ஊரில் வீட்டு அலுமாரியோடு எரிந்துபோயிருந்தது. நாலாவது அன்ட்றாக் எழுதாமல் கிளீனிங் வேலைக்குப் போனாள்.

வுப்பர் ஆற்றோரத்தில், தொங்குரயில் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகிற இடத்தில், ஒரு பழைய நூலாலைக்குள் யூர்கன் என்பவரின் குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. காலையில் அதைக் கூட்டித் துடைப்பது அவளுடைய வேலைகளில் ஒன்று. ஒருநாள் பயிற்சியில் இரண்டு தலைகள் மோதி, ஊவே என்ற சண்டைக்காரனின் புருவம் வாய் பிளந்தது. யூர்கன் துவாயால் ஒற்ற ஒற்ற இரத்தம் கூடிக்கொண்டே போனது. பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. துடைக்கிற தடியைச் சுவரில் சாத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒற்றினால் நிற்காது, அமத்த வேண்டும்" என்றாள். இரண்டு விரலால் காயத்தை எலும்போடு சேர்த்து அமத்திப் பிடித்தாள். ஆறு நிமிடம் பிடித்த பிடி தளரவில்லை. விரலை எடுத்தபோது இரத்தம் நின்றிருந்தது.

யூர்கன் வியாபாரி. நல்ல கையைக் கண்டால் விடமாட்டார். அடுத்த மாதமே அவளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அட்டை எடுத்துக் கொடுத்தார். கூடத்தைக் காலையில் துடைப்பவளும் அவள்தான், சனிக்கிழமைகளில் மூலையில் நிற்பவளும் அவள்தான் என்றாயிற்று. ஊவே அவளைத் தவிர வேறு எவரையும் தன் முகத்தில் கைவைக்க விடுவதில்லை.

ஹாலேப் போட்டியின்போது ஊவேக்கு முப்பத்தொன்பது வயது. கிழமை நாளில் கூரை வேய்கிற தொழிலாளி. ஜெர்மன் மிடில்வெயிட் பட்டத்துக்கு இரண்டு தடவை போட்டியிட்டவன். முதல் தடவை புள்ளியில் தோற்றான். இரண்டாம் தடவை மூன்றாம் சுற்றிலேயே கை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவனை எல்லோரும் மறந்துபோனார்கள். இந்த மூன்றாவது வாய்ப்புக்கூட அவனைத் தேடி வந்ததல்ல. சாம்பியன் டிமோவோடு மோத இருந்தவன் காயப்பட்டதால், ஐந்து கிழமைக்குள் ஒரு ஆள் தேவைப்பட்டது. பெயர் தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும், ஆபத்தில்லாதவனாகவும் இருக்க வேண்டும். ஊவே இரண்டுக்கும் பொருந்தினான். டிமோவுக்கு வயது இருபத்தாறு. ஹாலேயின் சொந்தப் பிள்ளை. இருபத்தொரு போட்டியில் ஒன்றும் தோற்காதவன்.

உடைமாற்றும் அறையில் யூர்கன் ஊவேயின் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது பேர்பெச்சுவாவின் கைத்தொலைபேசி அடித்தது. லோறன்ஸ்.

"என்னப்பா, இப்ப எடுக்கிறியள்?"

"ஒண்டுமில்லை, கவனமா நில்லும். அவங்கட ஊர். சனம் போத்தல் எறிஞ்சாலும் எறியும்."

"எறியாதுகள். வைக்கிறன்."

"ஊவே என்ன மாதிரி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஊவே கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். கன்னத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. "பயந்துபோய் இருக்கிறான். அது நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஏழு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. ஜூன் மாதமானபடியால் மேல் கண்ணாடிகளில் இன்னும் வெயில் நின்றது. பத்துச் சுற்றுப் போட்டி. முதல் மூன்றிலும் ஊவே அடி வாங்கினான். டிமோவின் இடக்கை பாம்பு நாக்குப்போல வந்து வந்து போனது. ஊவேயின் கை போய்ச் சேர்வதற்குள் டிமோ அங்கே இருக்கமாட்டான். சனம் சிரித்தது. "தாத்தா, வீட்டுக்குப் போ" என்று ஒருவன் கத்தினான்.

நாலாவதில் இடது புருவம் பிளந்தது. பழைய தழும்பின் மேலேயே ஒரு அங்குல நீளம். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

ஒரு நிமிடம் என்பது பெயருக்குத்தான். அவன் வந்து ஸ்டூலில் இருக்கப் பத்து விநாடி போய்விடும். வெளியேறச் சொல்லும் விசில் பத்து விநாடிக்கு முன்னமே வந்துவிடும். மிச்சம் நாற்பது. அதற்குள் துடைத்து, அட்ரினலின் தோய்த்த பஞ்சுக்குச்சியைக் காயத்துக்குள் வைத்து, மேலே அமத்தி, வாஸலின் பூச வேண்டும். பேர்பெச்சுவா பதறாமல் செய்தாள். அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் செபிக்கிறாள் என்று யூர்கன் நினைப்பதுண்டு. உண்மையில் அவள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஐந்தாவது முடிவில் போட்டி டொக்டர் கயிற்றருகே வந்தார். வெள்ளை மீசை வைத்த பெரிய மனிதர். காயத்தைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். "நல்ல வேலை" என்றுவிட்டு இறங்கிப்போனார்.

ஆறாவதில் யாரும் எதிர்பாராதது நடந்தது. டிமோ விளையாட்டுக் காட்டப்போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டான். ஊவேயின் இடக்கை அவனுடைய விலாவுக்குள் இறங்கியது. அவன் குனிந்தான். வலக்கை தாடையில் ஏறியது. இருபத்தொரு போட்டியில் ஒருமுறைகூட விழாத சாம்பியன் நின்ற நிலையிலேயே பின்பக்கமாக விழுந்தான். எட்டு எண்ணும்போது எழும்பினான்.

ஏழாவதில் டிமோ ஓடினான். ஊவே துரத்தினான். எட்டாவதில் டிமோ பயத்தோடு திரும்பி அடித்தான். இரண்டு நேர்க்குத்து ஊவேயின் காயப்பட்ட கண்ணிலேயே வந்து விழுந்தது. ஊவே தளரவில்லை. மணி அடித்தபோது ஸ்டூலுக்கு நடந்து வந்த நடையில் பத்து வயது குறைந்திருந்தது.

"ஆறு நிமிடம்" என்றார் யூர்கன். "இன்னும் ஆறே நிமிடம், ஊவே. பட்டம் உன்னுடையது. அவனுக்குக் காலில் பலம் இல்லை. விலாவில் போடு."

பேர்பெச்சுவா ஊவேயின் தலையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். காயம் அடங்கித்தான் இருந்தது. துடைத்தாள். குச்சியை எடுத்தாள். அப்போதுதான் கண்ணைக் கண்டாள்.

வலது கண்மணி அந்தப் பெரிய வெளிச்சத்துக்கு மிளகளவு சுருங்கியிருந்தது. இடது கண்மணி சுருங்கவில்லை. கறுத்து, அகன்று கிடந்தது.

அவளுடைய எண்ணிக்கை நின்றுபோயிற்று.

போன இடைவேளையில் ஊவே தலையைச் சட்டென்று திருப்பியதில் குச்சி வழுக்கி, மருந்தில் ஒரு துளி கண்ணுக்குள் போயிருந்தது. அந்த மருந்து கண்மணியை விரிக்கும். இது அவளுடைய கைத்தவறாக இருக்கலாம். கண்ணில் பட்ட குத்தாலும் விரியும். மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. அது மண்டைக்குள் இரத்தம் கசிவது. மூன்றில் எது என்று வெளியே நின்று பார்க்கிற எவராலும் சொல்ல ஏலாது. படம் எடுத்தால்தான் தெரியும்.

"ஊவே, இனி எத்தனையாவது சுற்று?"

"ஒன்பது. ஏன்?"

"தலை இடிக்கிறதா?"

"எனக்கு முப்பத்தொன்பது வயது. எல்லாம்தான் இடிக்கிறது" என்று அவன் சிரித்தான். புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

அவள் யூர்கனின் கையைப் பிடித்து இழுத்தாள். "இடது கண்மணியைப் பார். விரிந்திருக்கிறது."

யூர்கன் ஒரு கணம் பார்த்தார். அவருக்கும் விளங்கியது. ஆனால் உடனே முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். "உன் மருந்துதான். நீதானே கண்ணுக்குள் விட்டாய்."

"மருந்தாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"உன் வேலை இரத்தம். இரத்தம் நின்றுவிட்டது. வாயை மூடு."

விசில் ஊதியது. ஸ்டூலை இழுத்துக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். மணி அடித்தது. ஒன்பதாவது சுற்று தொடங்கிவிட்டது.

சண்டையை நிறுத்தச் சொல்லும் உரிமை மூலையில் பயிற்சியாளரான யூர்கனுக்கு மட்டுமே உண்டு. கட்மனுக்கு இல்லை. அவள் மேடையின் கீழே, கயிற்றில் நெற்றி முட்ட நின்றாள். ஊவே முன்னே போனான். விலாவில் ஒன்று. இன்னொன்று. டிமோவின் வாய் திறந்துகொண்டது. ஒன்பது வருடமாக அவள் அந்த மனிதனின் முகத்தை அமத்தியும் ஒட்டியும் வந்தது இந்தச் சுற்றுக்காகத்தான். "ஊவே! ஊவே!" என்று யூர்கன் தொண்டை கிழியக் கத்தினார்.

எண்பத்துநாலில் மன்னார் ஆஸ்பத்திரிக்கு லொறியிலிருந்து விழுந்த ஒருவன் தானாக நடந்து வந்தான். தன் செருப்பு எங்கே என்று கேட்டான். கட்டிலில் இருந்து கதைத்தான். அவனுடைய ஒரு கண்மணி பெரிதாக இருந்ததை அவள் கண்டாள். தலைமைத் தாதியான பெரிய மிஸ்ஸியும் கண்டிருப்பா, உதவித் தாதி நான் என்ன சொல்ல என்று பேசாமல் போய்த் துணி மடித்தாள். பின்னேரம் நாலு மணிக்கு அவன் செத்துப்போனான். அதை அவள் லோறன்சுக்குக்கூடச் சொன்னதில்லை.

டொக்டரின் மேசைக்கு அங்கிருந்து ஏழெட்டு அடி. சுற்று நடக்கும்போது மூலையை விட்டு யாரும் அசையக்கூடாது. அவள் நடந்தாள். "திரும்பிப் போங்கள்!" என்று ஒரு அதிகாரி கையை நீட்டினார். அந்தக் கைக்குக் கீழே குனிந்து போனாள்.

"டொக்டர், இடது கண்மணி விரிந்திருக்கிறது. வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை."

டொக்டர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அட்ரினலின் உள்ளே போனதா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நல்லது. "ஒரு துளி போனது" என்றாள். "அதுதானா என்று எனக்குத் தெரியாது."

டொக்டர் எழும்பினார். அந்த நேரம் பார்த்து ஊவே சாம்பியனைக் கயிற்றோடு சாய்த்துவிட்டான். இடது, வலது, மறுபடியும் இடது. டிமோவின் கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சனம் எழுந்து நின்றது. டொக்டர் மேடை விளிம்பைக் கையால் அறைந்து நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் இருவருக்கும் நடுவே புகுந்தார். நேரத்தை நிறுத்தினார்கள்.

டொக்டர் கயிற்றுக்குள்ளால் நுழைந்து ஊவேயின் கண்களில் டோர்ச் அடித்தார். வலதில் அடித்தார், சுருங்கியது. இடதில் அடித்தார். திரும்பவும் அடித்தார். பிறகு நடுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார். சண்டை முடிந்தது, பட்டம் டிமோவுக்கே.

மண்டபத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஆரவாரத்தில் கூரை பறந்தது. டிமோ தன் மூலையில் முழங்காலில் விழுந்து அழுதான். அழுதது சந்தோசத்திலா வெட்கத்திலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஊவே நடுமேடையில் நின்று சிரித்தான். யாரோ பிழையாக மணி அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். பிறகு சிரிப்புக் கழன்றது. "யார்?" என்று கேட்டான். யூர்கன் நாடியை நீட்டிப் பேர்பெச்சுவாவைக் காட்டினார். ஊவே திரும்பினான்.

"நீ" என்றான். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு அவளும் அம்புலன்சுக்குப் பின்னால் யூர்கனின் வான் வண்டியில் போனாள். தலையைப் படம் எடுத்து, வேறு சோதனைகளும் முடித்து, ஒரு இளம் பெண் டொக்டர் வெளியே வந்தார். "மூளையில் ஒன்றும் இல்லை. இரத்தக்கசிவு இல்லை. கண்ணில் பட்ட அடியாகவோ மருந்தாகவோ இருக்கும். நல்ல செய்தி" என்றார்.

"நல்ல செய்தி" என்று யூர்கன் திருப்பிச் சொன்னார். பேர்பெச்சுவாவின் பக்கம் திரும்பினார். "கேட்டாயா? நல்ல செய்தியாம்."

அவள் கதிரையில் இருந்தாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற ஆறுதல் முதலில் வந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் பிந்தி, மற்றது வந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கையில் இனி வராத அந்தச் சில நிமிடங்களை அவள் எடுத்துவிட்டாள். ஒன்றுமில்லாததற்கு.

மறுநாள் காலை தனியே ரயிலில் வுப்பர்டால் வந்தாள். லோறன்ஸ் ஸ்டேசனில் நின்றார். வீடு வரும்வரை அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, படியில் ஏறும்போது கேட்டார்: "நீர் கண்டதைத்தானே சொன்னனீர்?"

"ஓம்."

"பிறகென்ன?"

"பிறகென்னவோ? அவன் வெண்டுகொண்டு நிண்டவனப்பா. நான் போய்க் கெடுத்துப்போட்டன்."

லோறன்ஸ் சட்டைப்பைக்குள் கதவுத் திறப்பைத் தேடினார்.

திங்கட்கிழமை கூடத்துக்குத் துடைக்கப் போனபோது பூட்டு மாற்றியிருந்தது. யூர்கன் குத்துச்சண்டைச் சம்மேளனத்துக்கு முறைப்பாடும் எழுதியிருந்தார்: சுற்று நடக்கும்போது மூலையை விட்டு நகர்ந்தாள், வரம்பு மீறினாள் என்று. அவளுடைய அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, செப்டெம்பரில் விசாரணைக்கு டெர்மின் என்று ஒரு நாள் குறித்து அனுப்பினார்கள். லோறன்ஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு கூட வந்தார். அந்த வெள்ளை மீசை டொக்டர் அனுப்பியிருந்த கடிதத்தை வாசித்தார்கள். சண்டையை நிறுத்தியது நான், அந்தப் பெண்மணி அல்ல, அவர் சொல்லாதிருந்தால்தான் அது குற்றம் என்று எழுதியிருந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அட்டை இருந்தும் வுப்பர்டாலில் அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. டோட்மூண்டில் பெண்களுக்கான ஒரு சிறிய கழகம் மட்டும் கூப்பிட்டது. பிறகு ஆறு வருடம் அவள் சனிக்கிழமைகளில் போய் நின்றது அவர்களுடைய மூலையில்தான்.

ஊவேயிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாள். அடித்து ஓய்ந்தது. தெருவில் கூரை வேலைக்காரரைக் கண்டால் அண்ணாந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஊவே. வெளியே மழை மூட்டம், அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

குசினியில் இருத்தினாள். லோறன்ஸ் "ஹலோ" சொல்லிவிட்டு, தான் இருந்தால் கதை வராது என்று விளங்கி உள்ளே போனார். ஊவே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். இடது கண்மணி இன்னும் அகன்றேதான் இருந்தது.

"உன் மருந்து இல்லை" என்றான். "மருந்தென்றால் அன்றைக்கே போயிருக்குமாம். உள்ளே ஒரு சதை கிழிந்துவிட்டதாம். இனிச் சுருங்காது. கூரையில் வெயில் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி."

"அந்த இரண்டு சுற்றையும் ஆடியிருந்தால்?"

"அதைத்தான் நானும் கண் டொக்டரிடம் கேட்டேன். ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கும், கண்ணே போயும் இருக்கும், எவருக்கும் தெரியாது என்றார்." அவன் மேசை விரிப்பின் கரையை விரலால் நேராக்கினான். "எட்டாவதிலிருந்தே எனக்கு இரண்டு டிமோ தெரிந்தார்கள். நடுவில் பார்த்து அடித்தேன்."

"எனக்குச் சொல்லவில்லையே."

"சொன்னால் நீ நிறுத்தியிருப்பாய்."

அவள் தேத்தண்ணீரை ஊற்றி முன்னால் வைத்தாள். இரண்டு மீன் றோல்ஸும் வைத்தாள். அவன் எடுக்கவில்லை.

"நான் வென்றிருப்பேன், பேர்பெச்சுவா."

"ஆம். வென்றிருப்பாய்."

"இன்னொரு தரம் அப்படி வந்தால் என்ன செய்வாய்?"

"போய்ச் சொல்லுவேன்."

அவன் அவளைப் பார்த்தான், ஒரு சின்னக் கண்ணாலும் ஒரு பெரிய கண்ணாலும். "எனக்கு இன்னும் கோபம் போகவில்லை" என்றான்.

"தெரியும்."

"போகுமோ தெரியாது."

"சரி" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவன் ஒரு றோல்ஸை எடுத்துத் தின்றான். மற்றதையும் தின்றான். மழை விட்டதும் எழும்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கை கொடுத்துவிட்டுப் போனான்.

லோறன்ஸ் குசினிக்குள் வந்தார். "என்னவாம் பெடியன்?"

"வெண்டிருப்பானாம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓம் எண்டனான்" என்று சொல்லிவிட்டு, பேர்பெச்சுவா கோப்பையைக் கழுவப் போனாள்.